பிரசவத்துக்கு வந்த பறவை

"நாலு வயசுக் குழந்தையை விட்டுட்டு ஒரு குருவியைப் பார்க்க ரயில் ஏறுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே!"

என் மாமியார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே எனக்கு வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்தால் தைக்காமல் இருக்குமா?

விஷயம் இதுதான். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "மழைக்கால இதழுக்கு அட்டையிலே ஒரு பறவை போடலாம் என்று பார்க்கிறேன். மயில் வேண்டாம். மயில் போட்டுப் போட்டு மயிலுக்கே அலுத்திருக்கும். வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு உடனே என் கல்லூரித் தோழியின் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் பன்வேலில் குடித்தனம் நடத்துகிறாள். பம்பாய்க்குப் பக்கத்தில், கொங்கணத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் மழை பிடித்ததும் டெலிபோனில் கூப்பிட்டு, "மிட்டாய்க் கடைக்குச் சிறகு முளைத்த மாதிரி ஒரு மீன்கொத்தி எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வந்திருக்குடி. நீ எப்போ வரப் போறே?" என்று கேட்பாள். நானும் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம்" என்பேன்.

ஆசிரியரிடம் அதைச் சொன்னேன். படம் விலைக்கு வாங்கிப் போட்டுவிடலாம்தான். ஆனால், "நம் பத்திரிகைக்காரர் நேரில் போய் எடுத்தது என்று போட்டால் அதன் மதிப்பே வேறு" என்று சொல்லி, காரியாலயத்துக் காமிராவையும் நீளமான லென்ஸையும் என் கையில் கொடுத்துவிட்டார். குழந்தையைத் தூக்குகிற கனம்!

* * *

மீன்கொத்தி நமக்குப் புதிதல்ல. சென்னையிலேயே, மின்சாரக் கம்பியில் மார்பு வெள்ளையும் முதுகு நீலமுமாக உட்கார்ந்து, கீழே சாக்கடையையும் மைதானத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்குமே, அது ஒரு ஜாதி. அடையாற்றுத் தண்ணீருக்கு மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட புடவை மாதிரி இறக்கை அடித்து நின்ற இடத்திலேயே நிற்கும், அது இன்னொரு ஜாதி. இந்தியாவில் மொத்தம் பன்னிரண்டு ஜாதி மீன்கொத்திகள் உண்டு. உலகத்தில் நூற்றுக்கும் மேல். சங்க காலத்துப் புலவர்கள் இந்தப் பறவையைச் 'சிரல்' என்றார்கள். 'சிச்சிலி' என்றும் ஒரு பெயர் உண்டு. மீன்கொத்தி என்று பெயர் வாங்கிக்கொண்டாலும் பல ஜாதிகள் மீனை நம்பிப் பிழைப்பதில்லை என்பது வேடிக்கை. காட்டுக்குள் வாழ்கிறவற்றுக்குப் பல்லியும் அரணையும் பூச்சியும்தான் சாப்பாடு.

அந்தக் காட்டு ஜாதிகளில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் பறவை சாஸ்திரத்தில் 'சேயிக்ஸ்' என்று குடும்பப் பெயர். இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ், நியூ கினி வரை வெப்பக் காடுகளிலும் தீவுகளிலும் பரவியிருக்கும் குட்டி மீன்கொத்திகள் அவை. நான் பார்க்கப் போனது அந்தக் குடும்பத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 13 சென்டிமீட்டர் இருக்கும். அதிலும் அலகு ஒரு பெரும் பங்கு. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் வருஷமே அதற்கு லத்தீன் பெயர் வைத்துவிட்டார்.

சேயிக்ஸ் என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் வேறு என்ன வேலை? அதைத்தான் படித்துக்கொண்டு போனேன்.

சேயிக்ஸ் என்பவன் கிரேக்க புராணத்தில் ஒரு ராஜா. அவன் மனைவி ஆல்சியோன். கப்பல் ஏறிப் போன ராஜா புயலில் சிக்கி மூழ்கிப் போனான். கரையில் காத்திருந்த ஆல்சியோன் அவன் உடல் மிதந்து வருவதைக் கண்டு தானும் கடலில் பாய்ந்தாள். மனம் இரங்கிய தேவர்கள் இருவரையும் மீன்கொத்திகளாக மாற்றிவிட்டார்களாம். அதோடு, பனிக்காலத்தின் நடுவில் அவள் முட்டையிட்டு அடைகாக்கிற இரண்டு வாரமும் கடலில் காற்று வீசக் கூடாது, அலை எழும்பக் கூடாது என்றும் ஏற்பாடு செய்தார்களாம்.

கிரேக்கத்துப் பறவை கொடுத்து வைத்தது. அதற்கு அமைதியான கடல். நம் கொங்கணத்துப் பறவைக்கோ எல்லாம் தலைகீழ். கடல் கொந்தளிக்கும்போதுதான் அதற்குக் கல்யாணம், வானம் கிழிந்து கொட்டும்போதுதான் பிரசவம்!

* * *

மழை என்றால் என்ன என்று சென்னைக்காரர்களான நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். கொங்கணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில் அதைப் போல இரண்டு பங்கு கொட்டிவிடுகிறது. பன்வேலில் இறங்கியபோது குடையை விரித்தேன். ஊர் திரும்பும் வரை அதை மடக்கவே இல்லை.

மறுநாள் தோழியும் நானும் கர்நாளா சரணாலயத்துக்குப் போனோம். பம்பாயிலிருந்து கோவா போகும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கும் சின்னக் காடு. மலை உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுவது போல ஒரு பாறை. அதைச் சுற்றி ஒரு பழைய கோட்டை. வெளியே லாரிகள் உறுமுகின்றன. நூறு அடி உள்ளே போனால் தவளைச் சத்தமும் இலையில் நீர் சொட்டும் சத்தமும்தான்.

மூன்று மணி நேரம் நடந்தோம். அட்டை கடித்தது. வழுக்கி விழுந்தேன். (காமிராவைக் காப்பாற்றினேன். முழங்கையைக் காப்பாற்றவில்லை.) திரும்பலாம் என்று நினைத்த சமயம், காதைக் குத்துகிற மாதிரி 'ச்சீ' என்று மெல்லிய ஒலி. எங்கள் முழங்கால் உயரத்தில் ஓடையை ஒட்டி என்னவோ பறந்தது. நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரு கோடு கிழித்த மாதிரி. இரண்டு விநாடி இருக்கும். அவ்வளவுதான்.

"பார்த்தியா?" என்றாள் தோழி.

"பார்த்தேன். ஆனா என்னத்தைப் பார்த்தேன்னுதான் தெரியலை!"

அன்று ராத்திரி தோழி வீட்டில் சமையலுக்கு உதவி செய்யும் அம்மாள் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "இதுக்குத்தானா இவ்வளவு அலைச்சல்? எங்க அம்மா வீட்டுக் கொல்லையிலேயே வருஷா வருஷம் வருமே! திபோட்டி கண்ட்யா!"

'கண்ட்யா' என்றால் மராத்தியில் மீன்கொத்தி. 'திபோட்டி' என்றால் மூன்று விரல் உள்ளது. பெரும்பாலான மீன்கொத்திகளுக்குக் காலில் நாலு விரல். இதற்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முன்விரல்கள் பாதி வரை ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மண்வெட்டி மாதிரி இருக்கும். விஞ்ஞானிகள் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியதை, சேற்றில் நாற்று நடுகிறவர்கள் எப்போதோ எண்ணிப் பெயரும் வைத்துவிட்டார்கள்!

* * *

சனிக்கிழமை காலை அந்த அம்மாளின் தாய்வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் முக்கால் மணி, அப்புறம் வரப்பில் ஒரு மைல். சிவந்த கப்பிக்கல் சுவர், ஓட்டுக் கூரை. வாசலில் பாட்டி நின்றார். ஊரே 'ஆஜி' என்கிறது. மராத்தியில் பாட்டிக்கு அதுதான் வார்த்தை. எழுபது வயதிருக்கும். ஒன்பது கஜப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அரிசி மாவு பாக்ரியும் சூடான கறுப்புத் தேநீரும் எங்களுக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வயதுப் பேரனை எங்களுக்குத் துணையாக விட்டுவிட்டு, "பக்கத்தில் போகாதீர்கள்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

அந்தப் 'பொதுவாக' என்பதை நான் என் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கு அக்கரையில் ஆள் உயரத்துக்கு மண் கரை. அதன் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதுதான் வாசல். உள்ளே கை நீளத்துக்குச் சுரங்கம். அதன் கோடியில் சின்ன அறை. கோடையில் இந்த மண் கல் மாதிரி இருக்கும். முதல் மழையில் மண் இளகிய பிறகுதான் ஆணும் பெண்ணும் மாறி மாறித் தோண்டும். நாலைந்து வெள்ளை முட்டை. இரண்டரை வாரம் அடைகாப்பது. குஞ்சு பொரித்து ஏறக்குறைய இருபது நாள் ஊட்டி வளர்ப்பது. எல்லாவற்றிலும் இருவருக்கும் சரிபங்கு.

அதே ஜில்லாவில், கடற்கரையோரம் கிஹிம் என்ற ஊரில்தான் 1930-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் டாக்டர் சாலிம் அலி தூக்கணாங்குருவியைப் பற்றி ஆராய்ந்தார். அழகாகக் கூடு கட்டிக் காட்டி ஒருத்தியைக் குடிவைத்துவிட்டு, முட்டையும் குஞ்சும் அவள் பாடு என்று அடுத்த கூடு கட்டப் போய்விடுவாராம் ஆண் குருவி! மூன்று விரல்காரர் அப்படியல்ல. என் வீட்டுக்காரரிடம் இந்த இடத்தை இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறேன்.

துளைக்கு முன்னால் பெரணிச் செடி ஒன்று பச்சைத் திரை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் உட்கார்ந்தால் பறவை வருவது தெரியும், இலைக்குள் மறைவதும் தெரியும். காமிராவில் விழுவது பெரணி மட்டும்தான். இரண்டு தடவை அப்படியே நடந்தது. அட்டைப்படத்துக்குப் பெரணியை அனுப்ப முடியுமா?

பேரனிடம் ஜாடை காட்டினேன். தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தேன். அவன் ஓடையைத் தாண்டிப் போய்ப் பெரணியை ஒரு பக்கமாக ஒதுக்கி வேரோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தான். நான் முக்காலியை முன்னால் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் துளைக்கும் எனக்கும் எட்டு அடிதான் இருந்தது. உடம்பில் மஞ்சள் நிற மழைக்கோட்டு!

தோழி, "இவ்வளவு கிட்ட வேணுமாடி?" என்றாள்.

"ஒரே ஒரு படம். அஞ்சு நிமிஷம்" என்றேன்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்குப் பறவை வந்தது. அலகில் ஒரு பல்லி. துளைக்கு நேர் எதிரே ஒரு குச்சியில் உட்கார்ந்தது.

என்னத்தைச் சொல்ல! தலை முழுவதும் ஆரஞ்சு. அதன் மேல் இளம் ஊதா மினுக்குகிறது. ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறமும், மறு பக்கம் பார்த்தால் வேறு நிறமுமாகத் தெரியும் 'ஷாட் கலர்' பட்டு போல. முதுகு மையிருட்டு. இறக்கையில் நீலம். வயிறு மஞ்சள். அலகும் காலும் பவழம். மழைத்துளி முதுகில் விழுந்து முத்தாக உருண்டது. விரல்களை எண்ணினேன். மூன்று!

படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நேரம் ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்து படம் கொடுக்கிறதே, என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். தலையை மேலும் கீழும் ஆட்டும். வாலைச் சிமிட்டும். துளையைப் பார்க்கும். என்னைப் பார்க்கும். பறந்து போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே குச்சிக்கு வரும். அதே பல்லி. அரை மணிக்கெல்லாம் ஜோடிப் பறவையும் வந்தது. அதன் அலகில் சின்ன நண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பரமானந்தம் எனக்கு! நாற்பது படத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே நுழைகிற படம் ஒன்று கிடைத்தால் போதும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மழைக்கும் ஓடைக்கும் நடுவில், மண்ணுக்குள்ளிருந்து, சின்னப் பூச்சி கத்துவது போலக் 'கிர்ர்... கிர்ர்...'. விட்டு விட்டு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. ஆஜி. தலையில் பிளாஸ்டிக் கொங்காணி. கால் முழங்கால் வரை சேறு.

"எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாய்?" என்று மராத்தியில் கேட்டார். தோழி மொழிபெயர்த்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலே முக்கால். ஒன்றரை மணி நேரம்.

ஆஜி ஒன்றும் சொல்லவில்லை. ஓடையில் இறங்கி அக்கரை போனார். ரிப்பனை அவிழ்த்தார். பெரணியை இரண்டு கையாலும் நீவி, பழையபடி துளைக்கு முன்னால் தொங்கவிட்டார். திரும்பி வந்து ரிப்பனைப் பிழிந்து என் கையில் கொடுத்தார்.

"முலீ" என்றார். முலீ என்றால் பெண்ணே, மகளே என்று அர்த்தம். "நம் வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால், பிரசவ அறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோமா?"

அங்கேயும் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான் வருகிறார்கள். 'மாஹேர்' என்பார்கள் தாய்வீட்டை. தோழி மொழிபெயர்த்து முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

பறவை அத்தனை நேரம் எனக்குப் படம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. நான் எப்போது போவேன் என்று காத்துக்கொண்டிருந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, பசித்த பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

* * *

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமியார் எடுத்தார்.

"மத்தியானத்திலிருந்து சாப்பிடலை. அம்மா வந்து ஊட்டினாத்தான் ஆச்சுன்னு வாசப்படியிலேயே உட்கார்ந்திருக்கு. நீ கவலைப்படாதே. ராத்திரிக்குள்ளே நான் எப்படியாவது ஊட்டிடறேன்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது. "ஹலோ... ஹலோ..." என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மழையில் லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி ஆஜி வீட்டிலேயே தங்கினோம். விடிய விடிய மழை. ஓட்டின் மேல் யாரோ மரக்கால் மரக்காலாக நெல்லைக் கொட்டுவது மாதிரி சத்தம். எனக்குத் தூக்கமே இல்லை. அந்த மண் கரை இந்த மழைக்குச் சரிந்தால் அது கடவுள் செயல். ஆனால் இரண்டும் பயந்து போய்த் திரும்பி வராமலே இருந்துவிட்டால்? அதை யார் தலையில் போடுவது? இந்தப் பறவைகளுக்கு ஆபத்து குறைவா என்ன? கரையைத் தோண்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. பாம்பு இருக்கிறது. வெள்ளம் இருக்கிறது. மலேயாப் பக்கத்தில் இதே ஜாதி ராத்திரியில்தான் வலசை போகுமாம். சிங்கப்பூரில் கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுகிற பறவைகளில் இதுவும் உண்டு என்று படித்திருக்கிறேன். அந்த ஜாபிதாவில் சிவப்பு ரிப்பனையும் நான் சேர்த்துவிட்டேனே!

பொழுது விடிந்தும் விடியாமலும் எழுந்து சமையலறைக்குப் போனேன். ஆஜி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சின்ன ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் ஓடையும் மண் கரையும் நாற்பது அடி தூரத்தில் தெரிந்தன. காமிராவைத் தொடவில்லை. தோழியின் பைனாகுலரை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆஜி ஒரு மணையை என் பக்கம் தள்ளினார்.

ஆறரை மணி ஆயிற்று. ஒன்றும் இல்லை. ஆறே முக்கால். குச்சி காலியாகவே இருந்தது. ஆஜி பாக்ரியைத் தட்டிக் கல்லில் போட்டார். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது, 'ச்சீ'!

வந்துவிட்டது. அலகில் ஒரு தும்பி. குச்சியில் உட்கார்ந்தது. தலையை ஆட்டியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. முக்காலி இருந்த இடத்தை வெகு நேரம் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருந்தாற்போலிருந்து நேராகப் பறந்து பெரணிக்குள் மறைந்தது.

"ஆஜி! போயிடுத்து! உள்ளே போயிடுத்து!" என்று கத்தினேன். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தெரிந்துகொண்டார். பொக்கை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்த பறவை நேரே ஓடையில் ஒரு முழுக்குப் போட்டது. பொந்துக்குள் இருக்கும் அழுக்கு அப்படி! ஒவ்வொரு தடவை போய் வந்ததும் ஸ்நானம்தான். என் மாமியார் பார்த்திருந்தால் "ஆசாரமான பறவை" என்று மெச்சியிருப்பார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டும் மாறி மாறி ஐந்து தடவை உள்ளே போய் வந்தன. அந்த ஐந்தையும் நான் படம் எடுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன்: தும்பி, அரணை, சிலந்தி, மறுபடியும் அரணை, ஒரு குட்டித் தவளை.

* * *

சென்னைக்கு வந்ததும் ஆசிரியர் படங்களைப் பார்த்துக் குதிக்காத குறை. "பிரமாதம்! அட்டைக்கு இதுதான்!" என்று ஒன்றை எடுத்து வைத்தார். அலகில் பல்லியோடு, எங்களையே நேருக்கு நேர் பார்க்கிற படம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அது சரி, பல்லியைத் தின்னாமல் ஏன் இப்படி நம்மையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டார்.

கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: ரிப்பன், முக்காலி, ஒன்றரை மணி நேரம், மண்ணுக்குள்ளிருந்து வந்த சத்தம்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு இரண்டு பெண்கள். இருவரும் பிரசவத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தவர்கள்தான். "இதைப் பார்த்துவிட்டு நம் வாசகர்களில் நாலு பேர் காமிராவும் ரிப்பனுமாகக் கிளம்பினால்...?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். படத்தை உறையில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் ஓவியருக்கு ஆள் அனுப்பினார். பிரயாணச் செலவைப் பற்றிக் கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விகளை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தோழியின் போனிலிருந்து ஒரு செய்தி. ஆஜியின் பேரன் மராத்தியில் சொல்லி அனுப்பியதை அவள் அப்படியே தமிழ் எழுத்தில் அனுப்பியிருந்தாள். இரண்டே வார்த்தை: 'பில்ல கேலீ.'

'பில்ல' என்றால் குஞ்சுகள். நம் 'பிள்ளை' மாதிரியே இல்லை? 'கேலீ' என்றால் போய்விட்டன. அந்தச் சொல்லுக்கும் நம் சொல்லைப் போலவே இரண்டு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். 'போய்விட்டார்' என்று நாம் எந்தச் சமயத்தில் சொல்வோம்? கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது. சமையலறையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, தோழியைக் கூப்பிட்டேன்.

"போயிடுத்துன்னா? எப்படிப் போயிடுத்து?"

"எப்படின்னு என்ன கேள்வி? இறக்கை முளைச்சா பறந்துதான் போகும்! நாலும் ஒரே காலையிலே கிளம்பிடுத்தாம். ஆஜி கிண்டலா உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. இப்போ வேணும்னா வந்து நாற்காலி போட்டு உட்காரலாமாம்!"

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். குழந்தை ஓடி வந்து மடியில் ஏறியது. மாமியார் கரித்துணியால் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே, "என்னவாம், உன் குருவி?" என்று கேட்டார். சொன்னேன். "மகராசியா இருக்கட்டும்" என்றார். என்னைச் சொன்னாரா, குருவியைச் சொன்னாரா, தெரியவில்லை.

ஓவியர் நான் சொல்லச் சொல்லப் படம் போட்டார். ஆரஞ்சுத் தலை, ஊதா மினுக்கு, பவழ அலகு எல்லாம் அச்சாக வந்துவிட்டது. பெரணிச் செடியை மறக்காமல் துளைக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார். ஆனால் காலில் நாலு விரல்!

"பறவை என்றால் நாலு விரல்தானே அம்மா? முப்பது வருஷமாகப் போடுகிறேன்" என்றார்.

"இதற்கு மூன்றுதான். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு விரலை அழித்தார்.

இந்த இதழின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.